கூடி ஆட ஒரு விளையாட்டு

விளையாட்டு இருவகைப்படும். ஒருவரை ஒருவர் வெல்ல ஆடுவது ஒன்று. எல்லாரும் ஒரே பக்கம் நின்று, பொதுவான ஓர் இடையூற்றை வெல்ல ஆடுவது மற்றொன்று. சடுகுடுவும் சதுரங்கமும் முதல் வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகைக்கு, ஊர் கூடித் தேர் இழுப்பதை உவமையாகச் சொல்லலாம். கணினியும் இணையமும் வந்த பின்னர் இவ்விரண்டாம் வகை பெருகி வளர்ந்திருக்கிறது. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நண்பர்கள் ஒரே களத்தில் கூடி, ஒரே காரியத்தை முடிக்க முயலும் ஆட்டங்கள் இன்று பல உள்ளன. அவற்றைக் கூட்டு விளையாட்டுகள் என்று வழங்குவோம். அவற்றுள் நமக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இது சிறிய செய்திதானே என்று நீங்கள் நினைக்கலாம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் நண்பர்கள் ஊருக்கு ஒருவராகப் பிரிந்து செல்கிறார்கள். வாரம் ஒருமுறை கூடி ஆடும் ஒரு மணி நேரமே சிலருடைய நட்பைக் காத்து நிற்கிறது. ஆட்டம் பொருந்தாவிட்டால் நேர்வது என்ன? திறமை மிக்க இருவர் முன்னே ஓடுகிறார்கள். மூன்றாமவர் செய்வதற்கு ஒன்றுமின்றி நிற்கிறார். நான்காமவருடைய பழைய கணினி பாதியில் நின்றுவிடுகிறது. அடுத்த வாரம் தேர்வு இருக்கிறது என்று ஒருவர் வருவதில்லை; அதற்கடுத்த வாரம் மற்றொருவரும் வருவதில்லை. சண்டை ஏதும் நிகழவில்லை. ஆயினும் கூட்டம் கலைந்துவிட்டது. ஆகவே, புகழ்பெற்ற ஆட்டம் எது என்று தேடுவதற்கு முன், நம் நண்பர்கள் எத்தகையவர்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில், நாம் எத்தனை பேர்? 2021-இல் வெளிவந்த ‘இட் டேக்ஸ் டூ’ என்ற ஆட்டம் அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதைப் பெற்றது. அதை இருவரே ஆட முடியும். தனியாகவும் ஆட முடியாது, மூவராகவும் ஆட முடியாது. நெருங்கிய நண்பர் இருவர்க்கு அது மிகப் பொருந்தும். மூவர் கூடியிருக்கும் இடத்தில் அதனைத் தேர்ந்தெடுப்பது ஒருவரை வாயிலுக்கு வெளியே நிறுத்துவதாகும்.

அடுத்தது, எல்லாவற்றிலும் முதன்மையான கேள்வி: ஒவ்வொருவருக்கும் உண்மையான வேலை இருக்கிறதா? பலர் சேர்ந்து ஆடுவதனாலேயே ஓர் ஆட்டம் கூட்டு விளையாட்டு ஆகிவிடாது. எல்லாரும் ஒரே வேலையைச் செய்வதாக இருந்தால், வல்லவர் ஒருவர் பிறர் பங்கையும் தாமே முடித்துவிடுவார். அல்லது ஆணையிடத் தொடங்குவார். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருக்குமாறு அமைந்த ஆட்டத்தில் இக்குறை எழுவது அரிது.

2015-இல் வந்த ‘கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்’ இதற்கு நல்ல சான்று. ஒருவர் கண்ணுக்கு மட்டும் வெடிகுண்டு தெரியும். அதனைச் செயலிழக்கச் செய்யும் முறை அவருக்குத் தெரியாது. மற்றவர்களிடம் வழிகாட்டிக் கையேடு இருக்கும்; குண்டு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. கம்பியின் நிறத்தையும் குறியின் வடிவத்தையும் அவர் விளக்க, இவர்கள் ஏட்டைப் புரட்டி விடை கூற வேண்டும். கடிகாரமோ ஓடிக்கொண்டேயிருக்கும். தெளிவாகப் பேசுபவரும் பொறுமையாகக் கேட்பவரும் இங்கே வெற்றி பெறுகிறார்கள்.

‘டீப் ராக் கேலக்டிக்’ என்ற டென்மார்க்கு நாட்டு ஆட்டம் 2020-இல் முழுமை பெற்று வெளிவந்தது. அதில் நால்வர் வரை குள்ளச் சுரங்கத் தொழிலாளராக இறங்கலாம். ஒருவர் பாறையைக் குடைந்து வழி செய்வார். ஒருவர் சுவரில் மேடை அமைப்பார். ஒருவர் இருட்டில் ஒளி பாய்ச்சுவார். ஒருவர் பூச்சிப் படையை எதிர்த்து நிற்பார். உயரத்தில் உள்ள கனிமத்தை எடுக்க, ஒருவர் மேடை அமைத்துக் கொடுக்க மற்றொருவர் ஏறிச் செல்வது வழக்கம். கடுமையின் அளவையும் நாமே குறைத்துக்கொள்ளலாம். புதியவர் ஒருவர் சேரும்போது இது பெரிதும் உதவும்.

மூன்றாவது, கருவியும் பணமும். நால்வருள் எவருடைய கணினி எளியதோ, அதுவே நமக்கு அளவுகோல். முன்னே சொன்ன வெடிகுண்டு ஆட்டத்தை ஒருவர் வாங்கினால் போதும். கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. மற்றவர்கள் தொலைபேசியில் பேசியே ஆடலாம். ‘இட் டேக்ஸ் டூ’வையும் ஒருவர் வாங்கினால், நண்பர் பணமின்றிச் சேர்ந்துகொள்ள வழி உண்டு. ‘ஸ்டீம்’ என்ற விற்பனைத் தளத்தில் வாங்கிய ஆட்டத்தை, 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆடாமல் இருந்தால், திருப்பித் தந்து பணம் பெற விண்ணப்பிக்கலாம். கைச்செலவுக்கு அளவாகப் பணம் பெறும் மாணவர் இதனை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

நான்காவது, தொலைவு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. இருவர்க்கு இடையே 3,000 கிலோமீட்டர் இழை இருப்பதாகக் கொள்வோம். ஒரு செய்தி போய் மீள, வேறு தடை ஏதும் இல்லாவிட்டாலும், வினாடியில் ஆயிரத்தில் 30 பங்கு கழியும். வழியில் உள்ள நெரிசல் அதனை இன்னும் மிகுவிக்கும். சமையலறையில் நால்வர் விரைந்து ஓடி உணவு சமைக்கும் ‘ஓவர்குக்டு 2’ போன்ற ஆட்டத்தில் இத்தாமதம் உறுத்தும். நிதானமாகப் பயிரிடும் ஆட்டத்தில் அது அவ்வளவாகத் தோன்றாது.

இறுதியாக, வர இயலாதவர் நிலை என்ன? ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற வேளாண்மை ஆட்டத்தில் பண்ணை ஒருவருடையது. அவர் வராத நாளில் மற்றவர்கள் அப்பண்ணைக்குள் நுழைய இயலாது. சுரங்க ஆட்டத்திலோ அவரவர் வளர்ச்சி அவரவரிடமே இருக்கும். ஒரு வாரம் வராதவர் அடுத்த வாரம் தயக்கமின்றிச் சேரலாம். படிப்பும் தேர்வும் உடைய மாணவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்களுள் மிக வல்லவரை முதலில் கேட்க வேண்டா. புதிதாக ஆட வருபவரை, பழைய கணினி வைத்திருப்பவரை, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவரை முதலில் கேளுங்கள். அவர்களுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாலை ஆடிப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும், அடுத்த வாரம் எப்போது கூடுவோம் என்று அவர்களே கேட்டால், உங்கள் தேர்வு சரியானது என்று கொள்ளலாம்.