இரண்டாவது மழலைக்கு ஓர் எளிய படுக்கை

வீட்டில் இரண்டாவது குழந்தை வரவிருக்கிறது என்று உறுதியானதும் பரணிலிருந்து ஒரு பெட்டி கீழே இறங்கும். முதல் குழந்தையின் சட்டைகள், மஞ்சள் ஏறிய துணிகள், ஓரம் பிரிந்த விரிப்பு, ஒரு சிறு தலையணை ஆகியவை அதில் இருக்கும். எது உதவும், எதைக் களைய வேண்டும், எதைப் புதிதாகத் தைக்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கும் அந்த ஒரு மணி நேரமே இரண்டாவது மகப்பேற்றுக்கான ஆயத்தத்தின் தொடக்கமாகும்.

நெய்யாற்றின்கரை வட்டத்தின் பெருங்கடவிளை, பாறசாலை போன்ற எல்லைப்புறக் கிராமங்களில் இந்த ஆயத்தத்திற்குத் தனித்த ஒரு வாய்ப்பு உண்டு. சிறந்த பருத்தித் துணி நெய்யும் பாலராமபுரம் அருகிலேயே இருக்கிறது. தையல் இயந்திரம் இல்லாத வீட்டினருக்கும் அக்கம்பக்கத்தில் ஒன்று கிடைத்துவிடும். கடையில் விற்கும் அலங்காரப் படுக்கைத் தொகுப்பைவிட வீட்டில் தைக்கும் எளிய படுக்கை செலவு குறைந்தது. குழந்தைக்கு அதுவே பாதுகாப்பானதும் ஆகும்.

குறைவே காவல்

விளம்பரங்களில் காணும் குழந்தைப் படுக்கையில் மெத்தென்ற தலையணை, இருபுறமும் உருளைத் தலையணைகள், பூப்போட்ட போர்வை, தொட்டிலின் உட்புறம் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு ஆகிய அனைத்தும் இருக்கும். பச்சிளங்குழந்தை உறங்கும் இடத்தில் இவற்றுள் ஒன்றும் இருக்கலாகாது என்பதே குழந்தை மருத்துவர்களின் இன்றைய அறிவுரை. முகத்தின் மேல் விழுந்த துணியை விலக்கச் சில வார வயதுள்ள குழந்தையால் இயலாது. மூக்கை மூடும் மென்மையே அதற்குப் பகையாகிவிடும்.

குழந்தையை மல்லாந்து உறங்கவைக்குமாறு அறிவுறுத்தும் இயக்கம் பிரிட்டனில் 1991ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டிலும் தொடங்கியது. அதன் பின்னர் உறக்கத்தில் நேரும் திடீர் மழலை மரணங்கள் அமெரிக்காவில் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. 2022ஆம் ஆண்டில் பஞ்சுத் தடுப்புகளின் விற்பனையையே அந்நாடு சட்டத்தால் தடை செய்தது. உறுதியான, சமமான மெத்தை. அதன்மேல் இறுகப் பொருந்திய ஒரே விரிப்பு. மல்லாந்து கிடக்கும் குழந்தை. நல்ல படுக்கையின் இலக்கணம் இவ்வளவே.

நம் பாட்டிமார் போற்றிய கடுகுத் தலையணையை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். தலை வடிவாக அமையும் என்ற அன்பினால் அதைத் தைத்து வைப்பார்கள். ஓராண்டு நிறையும்வரை எந்தத் தலையணையும் வேண்டா என்பதே மருத்துவர்களின் கருத்து. விழித்திருக்கும் நேரத்தில், பெரியவர் ஒருவரின் கண்பார்வையில், குழந்தையைச் சற்றே குப்புறக் கிடத்தி விளையாடவிட்டால் தலையின் பின்புறம் தட்டையாவது குறையும், கழுத்தும் வலுப்பெறும். இதைச் சொல்லும்போது பாட்டியின் மனம் நோகாமல் சொல்வது வீட்டினரின் கடமை.

இலவம்பஞ்சு மெத்தை நாளடைவில் நடுவில் குழிந்துவிடும். தென்னைநார் மெத்தை போன்ற உறுதியான ஒன்றே ஏற்றது. உள்ளங்கையால் அழுத்திக் கையை எடுத்தவுடன் மேற்பரப்பு பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கையின் தடம் நின்றால் அந்த மெத்தை குழந்தைக்கு உதவாது.

அருகிலிருக்கும் நல்ல துணி

திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மாவின் (1798–1810) காலத்தில், உம்மிணித் தம்பியின் முயற்சியால் தென்தமிழகத்துச் சாலியர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டுக் குடியமர்த்தப்பட்ட ஊர் பாலராமபுரம் என்பது வழிவழி வந்த வரலாறு. குழித்தறியில் நெய்யப்படும் அவ்வூர்ப் பருத்தித் துணி புவிசார் குறியீடு பெற்றது. காற்றோட்டமும் ஈரம் உறிஞ்சும் இயல்பும் உடைய அத்துணி நம் புழுக்கத்திற்கு நன்கு பொருந்தும். புதுத்துணியில் கஞ்சி இருக்கும்; பருத்தி சுருங்கவும் செய்யும். எனவே இரண்டு முறை அலசி, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும்.

பிறப்பதற்கு முன்பே குழந்தைக்குப் புதுத்துணி வாங்கலாகாது என்னும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த வீட்டினர் வருந்த வேண்டியதில்லை. பலமுறை தோய்த்து மென்மையான பழைய இரட்டை வேட்டி புதுத்துணியைவிடச் சிறந்தது. அதை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, நைந்த பகுதிகளைக் கண்டு விலக்குக. கசவுக் கரை இருந்தால் வெட்டி நீக்குக. சரிகை இழை மழலையின் தோலை உரசும். தாத்தாவின் வேட்டியில் பேரக்குழந்தை உறங்குவதில் ஓர் உறவும் தொடர்கிறது.

அளவும் தையலும்

மெத்தையின் நீளம் 120 செ.மீ., அகலம் 60 செ.மீ., தடிமன் 10 செ.மீ. என்று கொள்வோம். ஒவ்வொரு பக்கத்திலும் தடிமனுக்கு 10 செ.மீ., அடியில் மடிய 8 செ.மீ., விளிம்பு மடிப்புக்கு 2 செ.மீ. என 20 செ.மீ. கூடுதலாக வேண்டும். ஆகவே வெட்ட வேண்டிய துணி 160 செ.மீ. நீளம், 100 செ.மீ. அகலம். 4 மீட்டர் நீளமுள்ள இரட்டை வேட்டி ஒன்றில் இத்தகைய இரண்டு விரிப்புகள் கிடைக்கும். எஞ்சும் துணியில் குழந்தைக்குக் கட்டும் துணிகளும் வாய்துடைக்கும் துண்டுகளும் தைக்கலாம்.

1. துணியின் நான்கு மூலைகளிலும் 19 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தை வெட்டி நீக்குக. மீதி 1 செ.மீ. தையலுக்கு உரியது.

2. வெட்டிய இரு விளிம்புகளையும் இணைத்து மூலையைத் தைக்குக. முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்குமாறு 4 மி.மீ. உள்ளே தள்ளி ஒரு தையல். பிறகு மறுபக்கம் திருப்பி 6 மி.மீ. உள்ளே தள்ளி இன்னொரு தையல். இவ்வாறு தைத்தால் பிசிறு உள்ளே அடங்கிவிடும்.

3. நான்கு மூலைகளும் முடிந்ததும் சுற்று விளிம்பை முதலில் அரை செ.மீ., அடுத்து ஒன்றரை செ.மீ. மடித்துத் தைக்குக. எலாஸ்டிக் நுழைக்க 4 செ.மீ. இடைவெளி விடுக.

4. 6 மி.மீ. அகலமுள்ள எலாஸ்டிக் சுமார் 230 செ.மீ. நீளம் போதும். ஊக்கில் கோத்துச் சுற்றிலும் இழுத்து, இரு முனைகளையும் 2 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உறுதியாகத் தைத்து, இடைவெளியை மூடுக.

மெத்தையின்மேல் போட்டபின் நடுவில் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். மூலை கழன்று வந்தால் எலாஸ்டிக்கைச் சுருக்குக. ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் இச்சோதனை தேவை. பிசிறு நூல் குழந்தையின் கைவிரலிலோ கால்விரலிலோ சுற்றி இரத்த ஓட்டத்தைத் தடுக்கக்கூடும்; ஆதலால் ஓரத் தையலில் சோம்பல் கூடாது. பொத்தான், நாடா, குஞ்சம், ஒட்டுப்பூ எதுவும் வேண்டா. குண்டூசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வைக்குக.

மூன்று விரிப்புகள் பொதுவாகப் போதும். இடவப்பாதி மழையிலோ துலாவர்ஷத்திலோ பேறு வருமாயின் ஆறு வேண்டும். துணி உலர இரண்டு நாள் ஆகும். அரைகுறையாக உலர்ந்த துணியில் பூஞ்சை படரும். எண்ணெய்க் குளியல் வழக்கமுள்ள வீடுகளில் தேங்காயெண்ணெய்க் கறை விரிப்பில் தங்காதிருக்க வெந்நீரில் அலசுவது நன்று. போர்வைக்குப் பதிலாகக் கைகால் மூடிய பருத்திச் சட்டை போதுமானது. கொசுவலையைக் குழந்தையின் கைக்கு எட்டாதவாறு இறுகக் கட்டுக.

தொட்டிலும் மூத்த குழந்தையும்

முதல் மகப்பேற்றில் இல்லாத ஒரு கவலை இரண்டாவதில் உண்டு. படுக்கையின் அருகில் இப்போது மூன்று அல்லது நான்கு வயதுக் குழந்தை ஒன்று ஓடியாடிக்கொண்டிருக்கும்.

உத்தரத்தில் கட்டும் புடவைத் தொட்டில் நம் வீடுகளின் பழைய செல்வம். அழும் குழந்தையைத் தேற்ற அதற்கு நிகரில்லை. ஆயினும் அதன் வளைவில் சிறு குழந்தையின் தாடை மார்பில் படிந்து மூச்சு தடைபட இடமுண்டு. எனவே பெரியவர் அருகிலிருக்கும்போது மட்டும் அதைப் பயன்படுத்தி, கண்ணயர்ந்ததும் சமமான படுக்கைக்கு மாற்றுவதே நன்று. வெறுமையாகத் தொங்கும் தொட்டில் இன்னும் ஆபத்தானது. மூத்த பிள்ளைகள் அதை ஊஞ்சலாக்கி முறுக்கிச் சுழன்று, கழுத்து இறுகி உயிரிழந்த செய்திகள் தமிழ்நாட்டில் பலமுறை வந்துள்ளன. பயன்படுத்தாத நேரத்தில் தொட்டிலை அவிழ்த்து வைக்கவோ, எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டவோ தவறலாகாது.

மூத்த குழந்தையை மழலையின் பக்கத்தில் படுக்கவைப்பதும் தவிர்க்க வேண்டியதே. உறக்கத்தில் புரளும் கை மழலையின் முகத்தில் விழலாம். தாய்க்கு எட்டும் தொலைவில் மழலைக்குத் தனிப்படுக்கை, தாயின் மறுபுறம் மூத்த குழந்தை என்ற ஒழுங்கு பொருந்தும். கட்டில் இடம் போதாத வீட்டில் தரையில் விரிக்கும் உறுதியான மெத்தையும் குற்றமன்று.

முதலில் தைக்க வேண்டியது

மூத்த குழந்தை தன் படுக்கையை விட்டு நகர வேண்டியிருந்தால், பேறுகாலத்திற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே அம்மாற்றம் நிகழ வேண்டும். தம்பியோ தங்கையோ வந்த நாளில் தன் இடம் பறிபோனது என்று அக்குழந்தை எண்ணிவிட்டால் அந்தக் காயம் ஆற நாளாகும்.

எனவே முதலில் தைக்க வேண்டியது மூத்த குழந்தையின் புது விரிப்பு. துணியின் நிறத்தை அதுவே தேர்ந்தெடுக்கட்டும். தலையணை வேண்டாத மழலைக்குப் பதிலாக, தலையணை கொள்ளும் வயதுள்ள மூத்தவருக்கு ஓர் உறை தைத்துக் கொடுக்கலாம். நாடாவை நீட்டிப் பிடிப்பது, அளவு சொல்லும்போது திருப்பிச் சொல்வது, மடித்த துணிகளை அடுக்குவது ஆகியவை அதற்கு உரிய பணிகள். ஊசியும் கத்தரிக்கோலும் மட்டும் எட்டாதிருக்கட்டும்.

அன்பு மிகுதியால் தன் பொம்மையைப் பாப்பாவின் முகத்தருகே வைக்க அக்குழந்தை முனையும். அதட்டுதல் வேண்டா. 'பாப்பா தூங்கும் இடத்தில் பாப்பா மட்டும்தான்' என்னும் ஒரு விதியை முன்பே விளையாட்டாகக் கற்பித்து, அவ்விதியின் காவலராக அக்குழந்தையையே ஆக்கிவிட்டால் அது பெருமிதத்தோடு காக்கும்.

தையலோடு சேமிப்பும்

இரண்டாவது குழந்தையின் பெருஞ்செலவு படுக்கையன்று. மருத்துவமும் வருமான இடைவெளியுமே ஆகும். ஒரு பேற்றுக்கும் அடுத்த கருவுக்கும் இடையே குறைந்தது 24 மாதங்கள் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தாயின் உடல் தேறுவதற்குரிய அக்காலமே குடும்பம் சேமிப்பதற்கும் உகந்த காலம். மாதம் 2,000 ரூபாய் வீதம் 24 மாதங்கள் தொடர்வைப்பில் செலுத்தினால் வட்டி நீங்கலாகவே 48,000 ரூபாய் சேர்ந்துவிடும்.

பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளில் மகப்பேற்றுச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. கருவுறும் முன்பே அதைப் படித்தறிய வேண்டும். மகப்பேற்று விடுப்புக்குச் சட்டப்படி தகுதியுள்ள பணியாளருக்கு இரண்டாவது பேற்றுக்கும் ஊதியத்துடன் 26 வாரம் விடுப்பு உண்டு. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருப்பின், தகுதியுள்ள தாய்க்குப் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் 6,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவாகும். அங்கன்வாடியிலோ ஆஷா பணியாளரிடமோ விவரம் பெறலாம். பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கை 250 ரூபாயில் தொடங்கலாம்.

பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்க. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை உள்ளிட்ட பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். கணக்குகளிலும் வைப்புகளிலும் முதல் குழந்தையின் பெயரை மட்டும் வாரிசுதாரராகக் குறித்திருந்தால், அதைத் திருத்தவும் மறவாதீர்கள். இளவயதினரைக் குறிக்கும்போது அவர் சார்பில் தொகையைப் பெறுபவரின் பெயரையும் தர வேண்டும்.

பரணிலிருந்து இறங்கிய பெட்டி மீண்டும் மேலேறும்போது அதன் சுமை குறைந்திருக்கும். கடுகுத் தலையணையும் பூப்போட்ட தடுப்பும் அதில் இரா. பழைய வேட்டியில் தைத்த சில விரிப்புகள் மெத்தையருகே மடித்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றை அடுக்கியது மூத்த குழந்தையின் கையாக இருக்கட்டும்.