முத்திரைக்குப் பக்கத்தில் உள்ள எண்

ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும், அதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று எழுத்தில் வரையறுப்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முதல் வேலை. 1947 ஜனவரியில் வேறு பெயரில் தொடங்கிய இந்த அமைப்பு, 1987 ஏப்ரலில் இன்றைய பெயருக்கு மாறியது. பழைய பெயரின் சுருக்கம் மட்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரையாகக் கடைத்தெருவில் நிலைத்துவிட்டது. அமைவனத்தின் தரநிலைகளில் முதல் எண், ஐ.எஸ். 1, தேசியக் கொடிக்கு உரியது.

தரநிலையை அதிகாரிகள் மட்டும் எழுதுவதில்லை. உற்பத்தியாளர், ஆய்வகத்தார், நுகர்வோர் தரப்பினர் என எல்லோரும் உள்ள குழுக்கள் வரைவு தயாரித்துப் பொதுமக்கள் கருத்துக்கு விடுகின்றன. எழுதி முடித்தாலும் அது பெரும்பாலும் கட்டாயமாகிவிடாது. அரசு தரக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தால்தான் முத்திரை இல்லாமல் விற்பது குற்றம். சிமென்ட், ஹெல்மெட் போன்றவை இந்த வகை. வீட்டு பிரஷர் குக்கர் 2021-இல்தான் இதில் சேர்ந்தது. அடுப்பில் வெடித்தால் உயிரையே பறிக்கக்கூடிய ஒரு பாத்திரத்துக்கு இது மிகவும் தாமதம்.

குக்கரில் முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 2347 என்ற தரநிலை எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். உரிம எண் இல்லாத முத்திரையை நம்பக் கூடாது. உரிமம் கொடுத்த பிறகும் ஆலையிலும் கடையிலும் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். தேறாவிட்டால் உரிமம் பறிபோகலாம்.

தங்க நகைக்கு அமைவனத்தின் தூய்மை முத்திரையான ஹால்மார்க் 2000-இல் வந்தது. 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் கட்டாயமானது. நகையின் உட்புறத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் அமைவனத்தின் சின்னம், 22கே916 போன்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் ஆகிய மூன்றும் தெரியும். 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். ஒரு சவரனான 8 கிராமில் 7.328 கிராம். ஆறு இலக்க அடையாளம் ஒவ்வொரு நகைக்கும் தனி. அதை அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் நகை எந்த வகை, எங்கே சோதிக்கப்பட்டது என்பது தெரியும். தூய்மை குறைவென்று நிரூபணமானால், விற்ற எடைக்குக் கணக்கிட்ட குறைவுத் தொகையைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும்.

2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மூக்குத்தி, தாலிக் குண்டு, குழந்தையின் சிறு மோதிரம் எல்லாம் இதில் அடங்கிவிடும். சிறுகச் சேர்த்து வாங்குபவர்களின் நகைகளும் இவைதான். அவற்றுக்கு ரசீதில் காரட்டையும் எடையையும் தனித்தனியே எழுதி வாங்க வேண்டும்.