வாடை வடையான கதை

‘ஆக்டோபஸ் விண்வெளியிலிருந்து வந்ததாமே, மெய்தானா?’ கேள்வி-பதில் பகுதி வைத்திருக்கும் எந்த அறிவியல் பத்திரிகையும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடிவதில்லை. கூடவே வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு படமும் வரும். பின்னால் பால்வீதி, முன்னால் எட்டுக் கைகளையும் விரித்த ஓர் ஆக்டோபஸ், அடியில் ‘விஞ்ஞானிகள் அதிர்ச்சி’ என்று சிவப்பு எழுத்து. விஞ்ஞானிகள் அதிர்ச்சியடையாத நாள் ஒன்று வாட்ஸ்அப்பில் இதுவரை விடிந்ததில்லை.

மெய் இல்லை. ஆனால் இந்தப் புரளிக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் உண்டு. கலிபோர்னியக் கடலோரத்து இருபுள்ளி ஆக்டோபஸின் மரபணுத்தொகுதி 2015-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியானது. ஆக்டோபஸும் கணவாயும் அடங்கிய தலைக்காலி இனத்தில் ஒன்றின் மரபணுத்தொகுதி முழுதாகப் படிக்கப்பட்டது அதுவே முதல் முறை. மறைந்த பிரிட்டிஷ் விலங்கியலாளர் மார்ட்டின் வெல்ஸ் ஆக்டோபஸை ‘ஏலியன்’ என்பார். அந்தக் கணக்கில் உலகின் முதல் ஏலியன் மரபணுத்தொகுதி இதுதான் என்று ஆய்வுக் குழுவின் கிளிஃப்டன் ராக்ஸ்டேல் விளையாட்டாகச் சொல்லிவைத்தார். விளையாட்டு மறைந்து ஏலியன் மட்டும் தலைப்புச் செய்தியானது. 2018-இல் 33 பேர் கையெழுத்திட்ட ஒரு கட்டுரை இதை விளையாட்டில்லாமலே சொன்னது. அவர்களில் கொழும்பில் பிறந்த வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்கவும் ஒருவர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கணவாயின் உறைந்த முட்டைகள் பனிப்பாறை விண்கற்களுக்குள் பயணம் செய்து பூமிக் கடலில் விழுந்திருக்கலாமாம். ஐஸ்பெட்டியில் வைத்த மீன் துறைமுகத்திலிருந்து சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் என்ன பாடுபடுகிறது என்பதை அறிந்தவர்கள் இதை எப்படி ஏற்பார்களோ தெரியவில்லை.

மரபணுத்தொகுதியைத் திறந்து பார்த்தால் வேற்றுக்கிரக வாசனையே இல்லை. எழுத்துகளின் எண்ணிக்கை 270 கோடி. மனிதனுக்கு ஏறத்தாழ 300 கோடி. மரபணுக்கள் சுமார் 33,000. இதில் நம்மைவிட அதிகம்தான், ஆனால் நெல்லுக்கும் நம்மைவிட அதிகம். முழுத்தொகுதியும் ஒரு முறை இரட்டித்திருக்கும் என்று சிலர் ஊகித்திருந்தார்கள்; அதற்கும் தடயம் கிடைக்கவில்லை. நரம்பணுக்கள் ஒன்றையொன்று அடையாளம் காண உதவும் புரோட்டோகாட்ஹெரின் மரபணுக்கள் மட்டும் 168 என்று பெருகிக் கிடந்தன. மற்றபடி நத்தை, சிப்பி, மட்டி ஆகியவற்றின் சொந்தக்காரன் என்பது எழுத்துக்கு எழுத்து தெரிந்தது. மன்னார் வளைகுடாப் பக்கத்து மீனவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பேய்க்கணவாய். பேயென்று பயந்தாலும் கணவாய் என்று குலத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் ஒரு நத்தைக் குலத்துப் பிராணி ஜாடியின் மூடியைத் திருகித் திறப்பது எப்படி? முழு விடை யாரிடமும் இல்லை. ஆனால் தேடிப் போன வழியில் ஒரு விந்தை அகப்பட்டது. அது மரபணுவிலும் இல்லை, புரதத்திலும் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தது.

பழைய காலத்து அச்சகம் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதி பீரோவில் பூட்டியிருக்கிறது, அது டிஎன்ஏ. அதைப் பார்த்து நகல் எடுத்து அச்சுக் கோப்பவரிடம் அனுப்புகிறார்கள், அது ஆர்என்ஏ. அவர் எழுத்தெழுத்தாகக் கோத்துத் தருவது புரதம். இதுவரை பள்ளிப் பாடம். பாடத்தில் இல்லாதவர் தாழ்வாரத்தில் சிவப்புப் பேனாவோடு இருக்கும் பிழைதிருத்துநர். ‘அடார்’ என்று பெயர், நொதி வர்க்கம். கற்றறிந்தவர் என்று சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்தது ஒரே வேலை, துணைக்காலை எடுப்பது.

நகலில் ‘வாடை’ என்று இருக்கிறது. அவர் காலை எடுத்துவிடுகிறார். அச்சில் ‘வடை’ என்று வருகிறது. வடக்கிலிருந்து வீசிய குளிர்காற்று தட்டில் சூடாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பீரோவைத் திறந்து பார்த்தால் மூலத்தில் இன்னமும் ‘வாடை’தான்.

வேதியியலிலும் நடப்பது கிட்டத்தட்ட இதுவே. அடினோசின் என்ற எழுத்தின் மேல் தொற்றிக்கொண்டிருக்கும் ஓர் அமினோ தொகுதியை அடார் கழற்றிவிடுகிறது. மிச்சமிருப்பது இனோசின். புரதம் கோக்கும் எந்திரம் இதை அடையாளம் தெரியாமல் குவானோசின் என்று வாசித்துத் தொலைக்கிறது. எழுத்து மாறினால் சில இடங்களில் அமினோ அமிலம் மாறும், புரதத்தின் குணமும் மாறும். சில இடங்களில் ஒன்றும் ஆகாது. ‘பாடம்’ ‘படம்’ ஆவது ஒரு வகை. ‘ஆமாம்’ ‘ஆமம்’ ஆனாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடுவது இன்னொரு வகை.

இதில் சுவையான சங்கதி, அவர் எல்லா நகலிலும் கை வைப்பதில்லை. நூறு நகலில் நாற்பதில் காலை எடுத்து அறுபதை விட்டுவிடலாம். ஆகவே ஒரே நரம்பணுவுக்குள் வாடையும் வடையும் ஒரே வேளையில் இருக்கும். ஒரு மரபணுவில் இப்படி மூன்று இடம் இருந்தால் எட்டுப் பதிப்பு சாத்தியம், பத்து இடம் இருந்தால் ஆயிரத்துச் சொச்சம். அச்சக உவமை இந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது. ஒரே நாவலின் ஆயிரம் பதிப்புகளையும் ஒரே கடையில் ஒரே நாளில் விற்கிற பதிப்பாளர் தமிழில் இன்னும் பிறக்கவில்லை.

இன்னொரு கிறுக்கும் அவருக்கு உண்டு. காகிதம் மடிந்திருந்தால்தான் பேனாவை எடுப்பார். ஆர்என்ஏ இழை தன் மேலேயே மடங்கி இரட்டை இழையாக ஒட்டிக்கொண்ட இடங்களில்தான் அடார் உட்கார முடியும். நேராக விரிந்து கிடக்கும் வரிகளை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இந்தக் கிறுக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேலை இருக்கிறது.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. ஆர்என்ஏ திருத்தம் என்ற நிகழ்வு 1986-இல் ஓர் ஒட்டுண்ணியில், வேறொரு வடிவத்தில், முதலில் தெரியவந்தது. அடாரின் கைவரிசை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தவளை முட்டைகளில் பிடிபட்டது. 1997-இல் கணவாயின் நரம்பில். கணவாய் நரம்பு ஆய்வகத்துக்குப் புதிதல்ல. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பில் மின்சாரம் ஓடும் விதத்தைக் கண்டு 1963-இல் நோபல் பரிசு வாங்கியது அதன் தடித்த நரம்பிழையின் தயவில். போதும்.

மனிதருக்கும் அடார் உண்டு. ஆனால் பெரும்பாலும் அர்த்தமில்லாத ஓரக்குறிப்புகளில்தான் அவர் பேனாவை ஓட்டுகிறார். புரதத்தை மாற்றும் திருத்தம் நம்மில் மூன்று சதவீத ஆர்என்ஏவில்கூட இல்லை. இருக்கிற சிலவற்றில் ஒன்று உயிர்நாடி. மூளையின் குளூட்டமேட் ஏற்பியில் ஒரே ஓர் எழுத்தைத் திருத்தவிடாமல் செய்தால், எலிக்குஞ்சுகள் வலிப்பு கண்டு சில வாரங்களில் இறந்துவிடுகின்றன.

தலைக்காலிகளோ கணக்கில்லாமல் திருத்துகின்றன. அமெரிக்காவின் மரைன் பயாலஜிகல் லேபரட்டரியில் பணியாற்றும் ஜோஷுவா ரோசென்தாலும் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் எலி ஐசன்பர்க்கும் கூட்டாக எண்ணிப் பார்த்தார்கள். ஒரு கணவாயில் மட்டும் புரதத்தை மாற்றும் திருத்தங்கள் 57,000-க்கு மேல். அதன் நரம்பு மண்டலத்தில் அறுபது சதவீத அளவுக்கு ஆர்என்ஏ நகல்கள் பேனா பட்டவை. ஆக்டோபஸ், கணவாய் வகைகள் எல்லாவற்றிலும் இதே கதை. அவற்றின் பழைய உறவான நாட்டிலஸ், ஓட்டுக்குள் ஒடுங்கி வாழ்வது, கிட்டத்தட்டத் திருத்துவதே இல்லை. மூளைக்காரர்கள் திருத்துகிறார்கள், மந்தமானவர் திருத்தவில்லை. ‘புத்திசாலித்தனத்தின் ரகசியம்’ என்று தலைப்புப் போட ஆசை வருமா, வராதா? வந்தது. போட்டார்கள்.

தலைப்பைவிட நல்ல விஷயம் குளிரில் இருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவது போல, குளிரில் புரதங்களின் வேலையும் மந்தப்படும். அண்டார்டிகாவில் உறைநிலைக்கும் கீழான கடல்நீரில் ஓர் ஆக்டோபஸ் வாழ்கிறது; கரீபியனின் வெதுவெதுப்பான நீரில் இன்னொன்று. நரம்பில் ஒரு துடிப்பு ஓடி முடிந்ததும் அணையைச் சீர்செய்யும் பொட்டாசியம் மதகுகள் இரண்டிலும் வேறாக இருக்கும் என்று எதிர்பார்த்துதான் ரோசென்தால் ஆய்வைத் தொடங்கினார். மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. அவற்றைத் தவளை முட்டையில் வைத்து இயக்கியபோது நடத்தையும் ஒன்றாகவே இருந்தது. வித்தியாசம் முழுவதும் நகலில். குளிர்க்கடல் ஆக்டோபஸ் ஓரிடத்தில் ஓயாமல் திருத்துகிறது. அந்த ஒரு திருத்தத்தால் மதகு மூடும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. வெப்பக்கடல்காரன் அந்த இடத்தை அதிகம் சீண்டுவதில்லை. 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான செய்தி இது.

அது தலைமுறை தலைமுறையாகக் குளிரில் வாழ்ந்ததன் விளைவாக இருக்கலாம். ஒரே ஆக்டோபஸ் தன் ஆயுளுக்குள் இதைச் செய்யுமா? 2023-இல் ‘செல்’ இதழில் மேத்யூ பர்க் முதல் ஆசிரியராக வெளியான ஆய்வு, முன்பு சொன்ன அதே இருபுள்ளி ஆக்டோபஸ்களில் சிலவற்றை 22 டிகிரி நீரிலும் சிலவற்றை 13 டிகிரி நீரிலும் வாழவிட்டுப் பார்த்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட திருத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20,000-க்கு மேல், வெப்பநிலைக்கேற்ப மாறின. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே குளிரில்தான் கூடின. ஒரு நாளுக்குள் மாற்றம் தெரிந்தது. நான்கு நாளில் புதிய அளவில் நிலைத்தது. கடலிலிருந்து கோடையிலும் குளிர்காலத்திலும் பிடித்துவந்தவற்றிலும் இதே போக்கு. நரம்புக்குள் சரக்குச் சுமக்கும் கைனசின் புரதத்தின் நடை மாறியது. நரம்புச் செய்தியைக் கக்கவைக்கும் சினாப்டோடாக்மின் புரதம் கால்சியத்தைப் பற்றும் வலுவும் மாறியது. வாடை வீசினால் வாடை வடையாகிறது. இதைவிடப் பொருத்தமான அச்சுப்பிழை அமையாது.

கொண்டாட்டத்தைச் சற்று நிறுத்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இருபதாயிரம் திருத்தங்களும் பயனுள்ளவையா? மடிந்த ஆர்என்ஏ குளிரில் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மடிப்பு நிலைத்தால் அடாருக்கு வாய்ப்பும் கூடும். பழ ஈக்களிலும் வெப்பநிலை மாறினால் திருத்தம் மாறுகிறது, அவற்றை யாரும் ஏலியன் என்பதில்லை. ஆகவே இதில் ஒரு பகுதி வெறும் இயற்பியலாக இருக்கலாம். சோதித்துப் பார்த்த புரதங்கள் ஒருசிலவே. மீதி ஆயிரக்கணக்கானவை அதே போலத்தான் என்று எழுதுவது, ஒரு சோற்றுப் பதத்தை ஊர்ச்சோற்றுக்கெல்லாம் பொருத்துவது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜியான்ஜி ஜாங் 2019-இல் இன்னும் கடுமையான வாதத்தை வைத்தார். பிழைதிருத்துநர் சம்பளத்துக்கு வந்தபின் எழுத்தாளர் கவனக்குறைவாகிவிட்டார் என்பது அதன் சாரம். மூலத்தில் ‘வடை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் தவறி ‘வாடை’ என்று விழுகிறது. அடார் இல்லாத பிராணியில் அந்தப் பிழை ஆளையே கொன்று தானும் அழிந்திருக்கும். அடார் நகலில் சரிசெய்துவிடுவதால் மூலத்தில் பிழை சுகமாகத் தங்கிவிடுகிறது. இப்படி ஆயிரம் சேர்ந்தபின் அவரை வேலையைவிட்டு நீக்கவும் முடியாது. திருத்தம் மேதைமையின் அடையாளமல்ல, பழைய எழுத்தை மீட்டுக்கொள்ளும் ஒட்டுப்போடும் வேலை என்கிறார் ஜாங். ஆக்டோபஸ், கணவாய் வகைகளுக்குப் பொதுவான திருத்தங்களை இதனால் விளக்கிவிட முடியாது என்பது ஐசன்பர்க் தரப்பின் மறுப்பு. வழக்கு முடியவில்லை. பெரும்பாலானவை ஜாங் சொல்வது போலவும், ஒரு சிறு பகுதி மட்டும் மெய்யான பயனுள்ளதாகவும் இருந்தால் வியக்க எதுவுமில்லை.

இப்போது மடிப்புக் கிறுக்குக்கு வரலாம். ஓரிடத்தைத் திருத்த வேண்டுமானால் சுற்றியுள்ள எழுத்துகள் சரியாகப் பொருந்தி மடிய வேண்டும். அவற்றில் ஒன்று பிறழ்ந்தால் மடிப்பு குலையும், திருத்தம் நின்றுபோகும். ஆக, தலைக்காலிகள் அந்த எழுத்துகளைத் தலைமுறை தலைமுறையாக அசையாமல் காப்பாற்றி வருகின்றன. நகலில் சுதந்திரம் வேண்டி மூலத்தில் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டன என்று 2017-இல் ரோசென்தால்-ஐசன்பர்க் குழு கணக்கிட்டுக் காட்டியது. மற்ற விலங்குகள் டிஎன்ஏவை மாற்றிப் பரிணமிக்கும் இடங்களில் ஆக்டோபஸின் டிஎன்ஏ உறைந்து நிற்கிறது. கூத்து என்னவென்றால், 2018-இன் விண்வெளி முட்டைக் கட்டுரை தன் பக்கத்துச் சாட்சியாக அழைத்தது இந்த ஆய்வைத்தான். நாட்டிலஸில் தொடங்கிப் பரம்பரைச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக எண்ணிய ஆய்வு அது.

மருத்துவத்துக்கும் இந்தப் பேனாவைக் கொண்டுபோகிறார்கள். கல்லீரலையும் நுரையீரலையும் கெடுக்கும் ஒரு பரம்பரைக் குறைபாட்டை, நோயாளியின் சொந்த அடாரை ஏவி ஆர்என்ஏ நகலில் திருத்தும் முயற்சி 2024-இல் மனிதரில் முதன்முறையாகப் பலன் காட்டியதாக அறிவிக்கப்பட்டது. மூலம் மாறாததால் மருந்தைத் திரும்பத் திரும்பத் தர வேண்டியிருக்கும். தவறு நேர்ந்தால் நிறுத்திக்கொள்ளவும் முடியும். ஆக்டோபஸிடமிருந்து கற்ற வைத்தியம் என்று இதை விற்கப் பார்ப்பார்கள். ஏவப்படுவது நம் உடம்பில் ஏற்கெனவே இருக்கிற அடார்.

கேள்வி அனுப்பும் வாசகர்களுக்கு ஒன்று. ஆக்டோபஸ் இந்தக் கடலில் பிறந்ததுதான், சொந்தபந்தங்களும் இங்கேயே இருக்கின்றன. அந்தப் படத்தை யாருக்காவது அனுப்பியே ஆக வேண்டும் என்றால், பின்னணியிலுள்ள பால்வீதியை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நத்தையை வைத்து அனுப்பவும்.