பேட்டியும் நம் வாலிபர்களும்

காவிரியின் ஒரு கரையில் ஈரோடு, மறுகரையில் பள்ளிபாளையம். இங்கு விசைத்தறி ஓசையிலே வளர்ந்து இஞ்சினீயரிங் பயிலும் வாலிபர்கள், உத்தியோகப் பேட்டிக்கென ஆங்கில விடைகளை நெட்டுருச் செய்கின்றனர். கேள்வி சற்று மாறினால் வாயடைத்துப் போகின்றனர். இஃது அறிவின் குறையன்று. பயிற்சியின் பிழையென்பதே நமது அபிப்பிராயம்.

2022-இல் அரசாங்கம் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் பேட்டிப் பயிற்சி அளிப்பதை வரவேற்கிறோம். எனினும், சொல்வதற்குச் சரக்கு வேண்டாமா? ஊடை நூல் அறுந்ததும் தறி தானே நிற்பது எவ்வாறு? 1960-இல் ஸ்தாபிதமான சேஷசாயி காகிதக் கம்பெனியின் ஆலை இவ்வூரிலேயே உள்ளது; அங்கே கரும்புச் சக்கை காகிதமாவது எங்ஙனம்? இவற்றை ஆராய்ந்தறிந்து, முதலில் தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் விளக்கிப் பழகுக.

தறிக்கூலியில் மிச்சம் பிடித்துச் சம்பளம் கட்டிய பெற்றோரை எண்ணியேனும், நம் வாலிபர்கள் கூச்சத்தை விட்டொழிப்பார்களாக!