கரண்ட் போனாலும் கெடாத மென்பொருள்

ஃபார்ம்வேர் என்பது ஒரு கருவியின் சில்லுக்குள்ளேயே தங்கி அதை இயக்கும் நிரல். வாஷிங் மெஷின், வைஃபை ரூட்டர், மின்சார மீட்டர் எல்லாவற்றிலும் அது உண்டு. கண்ணில் படுவதுதான் இல்லை. எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகளை நூலகங்கள் என்கிறார்கள். கருவி விற்றுப்போன பிறகு அதன் ஃபார்ம்வேரைத் தொலைவிலிருந்தே மாற்றுவதற்கு உதவும் நூலகங்களும் உண்டு. அவற்றுள் முக்கியமான சில திறமூலமானவை. யாரும் படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தி அனுப்பலாம்.

இந்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதைப் பட்டுக்கோட்டையின் மோட்டார் கொட்டகைகளை வைத்தே புரிந்துகொள்ளலாம். காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி இது. மேட்டூர் அணையோடு 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய் இங்கே ஆற்றுநீரைக் கொண்டுவருகிறது. அது தாமதமானால் நெல்லுக்கும், கோடையில் தென்னைக்கும் போர்வெல்தான் கதி. வீடு ஓரிடம், தோப்பு ஓரிடம் என்று இருப்பவர்களுக்குச் செல்போனிலேயே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர்கள் பெரிய நிம்மதி. வேளாண் பொறியியல் துறை இவற்றுக்கு மானியமும் தருகிறது. மூன்று ஃபேஸும் வந்திருக்கிறதா, கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடுகிறதா, அழைப்பது உரிமையாளரின் எண்தானா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து முடிவெடுப்பது உள்ளேயிருக்கும் ஃபார்ம்வேர்தான்.

அந்த நிரலில் பிழை இருந்தால் மோட்டார் காயில் கருகலாம். பாதுகாப்பு ஓட்டை இருந்தால் வேறு யாரோ மோட்டாரைப் போடலாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி இணையச் சேவைகளை முடக்கியது. ஒரு மெக்கானிக் லேப்டாப்போடு தோப்பு தோப்பாகப் போய்த் திருத்துவது நடக்கிற காரியமல்ல. புதிய பதிப்பு செல்போன் வலையமைப்பு வழியாகத்தான் வரவேண்டும்.

சிக்கல் ஃப்ளாஷ் நினைவகத்தில் தொடங்குகிறது. அதில் ஓர் எழுத்தை மட்டும் அழித்து எழுத முடியாது. ஒரு பகுதி முழுவதையும், பெரும்பாலும் 4 கிலோபைட்டாக, அழித்துவிட்டுத்தான் புதிதாக எழுத வேண்டும். அழித்த பிறகு, எழுதுவதற்கு முன் கரண்ட் போனால் பழைய நிரலும் இல்லை, புதியதும் இல்லை. அந்த ஸ்டார்ட்டர் பெட்டி அதோடு வெறும் இரும்பு. மும்முனை மின்சாரம் வந்தும் போயும் இருக்கும் ஊரில் இதை அரிதான விபத்தென்று ஒதுக்க முடியாது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகளோடு மின்கம்பங்களையும் சாய்த்தபோது பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. பாதி எழுதிய நிலையில் நின்றுபோன கருவி, எத்தனை நாள் கழித்துக் கரண்ட் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.

இதற்குக் கிடைத்த விடை, நினைவகத்தில் இரண்டு இடங்களை ஒதுக்குவது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்றில் இருக்கும். புதியது மெதுவாக மற்றொன்றில் வந்து சேரும். இரண்டுக்கும் முன்னால் பூட்லோடர் என்ற சிறு நிரல் நிற்கிறது. கருவி உயிர்பெற்றதும் முதலில் ஓடுவது அதுதான். ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி32 சில்லுகளுக்கான திறமூலத் தொகுப்பு இந்த முறையைத்தான் பின்பற்றுகிறது. எந்த இடத்து நிரலை ஓட்டுவது என்ற சிறு குறிப்பைக்கூட அது இரண்டு தனிப் பகுதிகளில் வைத்திருக்கிறது. ஒன்றை எழுதும்போது மின்சாரம் போனாலும் மற்றொன்று மிஞ்சும்.

எம்சியுபூட் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அப்பாச்சி மைநியூட் என்ற இயங்குதளத்தின் பூட்லோடராகப் பிறந்து, பின் தனித் திட்டமாகி, 2016-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்த செஃபையர் இயங்குதளத்திலும் பரவலாகப் பயன்படுவது இது. இரண்டு இடங்களிலும் உள்ள நிரல்களைத் துண்டு துண்டாக இடம் மாற்றும்போது, எந்தத் துண்டு வரை முடிந்தது என்று நினைவகத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டே போகும். மாற்றிய பிறகும் புதிய நிரலை அது உடனே நம்பிவிடாது. வெள்ளோட்டமாகத்தான் ஓட விடும். எல்லாம் சரி என்று புதிய நிரல் தானாக உறுதி சொல்லாவிட்டால், அடுத்த முறை கருவி தொடங்கும்போது பழையது திரும்ப வந்து உட்காரும். புதியதை ஏற்றுவதைவிடப் பழையதற்குத் திரும்பும் வழியைக் காப்பதில்தான் இந்த நூலகத்தின் உழைப்பில் பெரும்பங்கு செலவாகிறது. அதுவே நியாயமும்கூட.

எப்போது உறுதி சொல்வது என்பதை நூலகம் தீர்மானிக்க முடியாது. அது கருவி தயாரிப்பவர் பொறுப்பு. தொடங்கிய அடுத்த நொடியே உறுதி சொல்லிவிடும் நிரல் இந்தப் பாதுகாப்பு முழுவதையும் வீணாக்குகிறது. பம்ப்செட் ஸ்டார்ட்டராக இருந்தால், சிம் வலையமைப்பில் பதிவாகி, சர்வரோடு பேசி, அடுத்த அப்டேட்டைப் பெற முடியும் என்று நிரூபித்த பிறகே சொல்ல வேண்டும். மற்ற பிழை எதுவானாலும் அடுத்த பதிப்பில் திருத்தலாம். அடுத்த பதிப்பே வந்து சேராதபடி செய்யும் பிழைக்குத்தான் மருந்தில்லை.

வந்திருக்கும் நிரல் உண்மையானதுதானா என்பது அடுத்த கேள்வி. தயாரிப்பாளர் தன் இரகசியச் சாவியால் நிரலுக்கு மின்கையொப்பம் இடுகிறார். அதற்கு இணையான பொதுச் சாவி பூட்லோடருக்குள் இருக்கிறது. பொருந்தாத நிரல் ஓடாது. இந்தக் கணிதம் உறுதியானது, மனிதர்கள்தான் இடறுகிறார்கள். எம்சியுபூட்டோடு மாதிரிச் சாவிகளும் வருகின்றன. அவை உலகத்துக்கே தெரிந்தவை, விற்பனைக் கருவியில் வைக்கக்கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது. எச்சரிக்கை மட்டும் போதாது என்பதற்குக் கணினி உலகில் சான்று உண்டு: ‘நம்பாதே’ என்று பெயரிலேயே எழுதியிருந்த சோதனைச் சாவி நூற்றுக்கணக்கான கணினி மாடல்களில் அப்படியே விற்பனைக்குப் போயிருந்ததை 2024 ஜூலையில் பைனர்லி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது.

கையொப்பம் சரியாக இருந்தும் கெடுதல் வரலாம். 2017 ஆகஸ்டில் லாக்ஸ்டேட் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு மாடல் பூட்டுக்கான ஃபார்ம்வேரை வேறொரு மாடலுக்கு அனுப்பிவிட, சுமார் 500 கதவுப் பூட்டுகள் செயலிழந்தன. ஆகவே நிரலோடு, இது எந்தக் கருவிக்கு, எந்தப் பதிப்பு, எவ்வளவு நீளம் என்று சொல்லும் விவரச்சீட்டு ஒன்றும் கையொப்பத்துடன் வரவேண்டும். சிறு கருவிகளுக்கான இந்தக் கட்டமைப்பை இணையத் தரங்களை வகுக்கும் ஐஈடிஎஃப் 2021-இல் ஆர்எஃப்சி 9019 என்ற ஆவணமாக வெளியிட்டது.

இத்தனையையும் மூன்று நான்கு பொறியாளர்கள் கொண்ட கோயம்புத்தூர் பம்ப் நிறுவனம் ஒன்று தானே எழுதிச் சோதிப்பது கடினம். திறமூல நூலகத்தின் மதிப்பு இங்கேதான் தெரிகிறது. எம்சியுபூட்டின் சோதனை நிரல் ஃப்ளாஷ் நினைவகத்தைக் கணினியில் போலியாக உருவாக்கி, ஒவ்வோர் அழித்தலிலும் ஒவ்வோர் எழுதுதலிலும் மின்சாரத்தைத் துண்டித்துப் பார்க்கிறது. எந்தப் புள்ளியில் நின்றாலும் மீண்டு எழுந்தால்தான் தேர்ச்சி. அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருவதால் விற்பனைக் கருவியிலும் கட்டணமின்றிச் சேர்க்கலாம்.

கணினிகளுக்கு இதே பணியைச் செய்வது எஃப்டபிள்யூஅப்டி. ரெட் ஹேட்டில் பணிபுரியும் பிரிட்டிஷ் பொறியாளர் ரிச்சர்ட் ஹியூஸ் 2015-இல் தொடங்கியது. முன்பு லினக்ஸ் பயன்படுத்துவோர், கணினியைத் தொடக்கும் பயாஸ் என்ற ஃபார்ம்வேரைப் புதுப்பிப்பதற்காகவே விண்டோஸைத் தேட வேண்டியிருந்தது. தயாரிப்பாளர்கள் ஃபார்ம்வேரைப் பதிவேற்றும் பொது மையம் ஒன்றையும் ஹியூஸ் உருவாக்கினார். டெல் முதலிலேயே சேர்ந்தது; லெனோவா 2018-இல் வந்தது. ஒவ்வொரு வகைக் கருவிக்கும் தனித்தனி இணைப்பு நிரல் தேவை. எல்லாக் கருவிகளையும் மேசையில் அடுக்கி வைத்துச் சோதிக்க முடியாது என்பதால், அவற்றின் யூஎஸ்பி உரையாடலைப் பதிவுசெய்து, கருவியே இல்லாமல் மறுபடி ஓட்டிப் பார்க்கும் வசதியையும் சேர்த்திருக்கிறார்கள்.

எழுதி முடித்த பிறகு வரும் பராமரிப்புதான் நீளமானது. வயலில் இருக்கும் கருவியின் பூட்லோடரைப் பெரும்பாலும் யாரும் மாற்றத் துணிவதில்லை. அதனால் பத்தாண்டுக்கு முந்தைய பூட்லோடருக்கும் புரியும் வடிவத்தில் புதிய நிரல்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். நூலகம் சார்ந்திருக்கும் மற்ற நூலகங்களையும் கண்காணிக்க வேண்டும். எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தைக் கிட்டத்தட்டத் தனியாளாகப் பராமரித்துக் களைத்திருந்தவரிடம், உதவ வந்தவர் போல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பழகிய ஒருவர் அதில் கள்ளக்கதவு வைத்தார். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், வழக்கமான லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவப் போய், 2024 மார்ச் 29-இல் அதை அம்பலப்படுத்தினார். எஃப்டபிள்யூஅப்டி அதன்பின் எக்ஸ்இசட்டை விட்டு வேறு சுருக்கமுறைக்கு மாறியது. இத்தகைய தொகுப்புகளால் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் பராமரிப்பவருக்குச் சம்பளமோ, சோதனைக் கருவியோ, குறைந்தது ஒரு பொறியாளரின் நேரமோ தருவது தானமல்ல. தங்கள் கருவிகளுக்குத் தாங்களே செய்யும் பராமரிப்பு.

சட்டமும் இந்தப் பக்கம் திரும்புகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தரவேண்டிய பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது அது சுமத்துகிறது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

எந்த நூலகத்தைச் சேர்த்தாலும், புதிய பதிப்பை எப்போது, எத்தனை கருவிகளுக்கு அனுப்புவது என்பது தயாரிப்பாளர் கையில்தான் இருக்கிறது. முதலில் சில கருவிகள், அவை பல நாள் ஒழுங்காக ஓடிய பிறகு சில நூறு, அதன்பின் மற்றவை என்பதே நல்ல வழக்கம். கடைமடைக்குத் தண்ணீர் வராமல் நாற்றங்கால் போர்வெல்லை நம்பி நிற்கும் வாரத்தில், அவசரப் பாதுகாப்புத் திருத்தம் தவிர வேறெதையும் அனுப்பாமல் இருப்பதும் அந்த வழக்கத்தில் சேர வேண்டும்.