சாரலும் சாரமும்

தென்காசிக்காரனுக்கு இடுப்பு வலி வந்தால் ஒரே வைத்தியம்தான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு மெயினருவியில் போய் நிற்பது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆனிச் சாரலில், 70 வயதுப் பெரியப்பாவைக் குற்றாலம் கூட்டிப் போனதும் அதற்குத்தான். (திரும்பும்போது பார்டர் பரோட்டா என்பது என் ரகசியத் திட்டம்.)

எண்ணெய் தேய்க்கிறவர் நடுமுதுகில் கட்டைவிரலை வைத்ததுதான் தாமதம், பெரியப்பா அலறிவிட்டார். அவர் கையை எடுத்துவிட்டார். "அண்ணாச்சி, ராத்திரி படுத்தாலும் வலிக்கா? அப்பம் இது பிடிப்பு இல்ல. நான் தொட மாட்டேன், டாக்டர்ட்ட காட்டுங்க." காசும் வாங்கவில்லை.

திருவனந்தபுரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். புராஸ்டேட்டில் புற்றுநோய், சத்தமில்லாமல் முதுகெலும்புக்குக் குடிபோயிருந்தது. மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய்களுக்கு எலும்பென்றால் அப்படியொரு பிரியமாம். அந்த முதுகைப் பலமாகப் பிடித்துவிட்டிருந்தால் எலும்பு நொறுங்கிக்கூட இருக்கலாம் என்றார் டாக்டர். எனக்கு அப்போதுதான் வியர்த்தது.

நான் பி.காம். எனக்குப் புரிந்த கணக்கு இது: எலும்பில் தினமும் வரவு செலவு நடக்கிறது. ஒரு வகை செல் பழைய எலும்பைக் கரைக்கும், இன்னொன்று புதிதாகக் கட்டும். புற்றுநோய் உள்ளே புகுந்து பேரேட்டையே திருத்திவிடுகிறது. சிலருக்கு வெறும் செலவு. சிலருக்குப் போலி வரவு, அதாவது கண்டபடி வளர்ந்த பலமில்லாத எலும்பு. பெரியப்பா இரண்டாவது ரகம். சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி கரைவதைத் தடுக்கும், கதிர்வீச்சு வலியைக் குறைக்கும். ஆனால் எலும்பில் விழுந்த பள்ளத்தை யார் நிரப்புவது?

அங்கேதான் சாரம் வருகிறது. வீடு கட்டக் கம்பு நட்டுச் சாரம் கட்டுவார்களே, அதே வேலைதான். எலும்பில் இருக்கிற கால்சியம் பாஸ்பேட் வகைப் பொருளில், ஸ்பஞ்சு மாதிரி ஓட்டைகளோடு ஒரு துண்டு. பள்ளத்தில் வைத்தால் எலும்பு அதைப் பற்றிக்கொண்டு வளரும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிடியூட்டில் இந்த மாதிரி எலும்பு செராமிக்கை நம்மவர்களே உருவாக்கியிருக்கிறார்கள். அந்த ஓட்டைகளில் புற்றுநோய் மருந்தையும் ஏற்றிவிட்டால்? மருந்து உடம்பெல்லாம் ஊர்வலம் போகாமல் அதே இடத்தில் வாரக்கணக்கில் கசியும்.

கற்பனை இல்லை. மூளைக் கட்டியை எடுத்த குழியில் மருந்து வில்லைகளை வைக்க அமெரிக்காவில் 1996-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். எலும்பில்தான் இழுபறி. சம்பளம் வந்த அன்றைக்கே முழுசையும் செலவழிக்கிற நம்மைப் போல, சில சாரங்கள் முதல் நாளே பாதி மருந்தைக் கொட்டிவிடுகின்றன. புற்றுநோயைக் கொல்கிற மருந்து எலும்பு கட்டும் செல்லையும் சேர்த்து அடிக்கிறது. அதனால் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலும் எலி, முயலிலும்தான் நிற்கிறது.

பெரியப்பா ஊசியும் மாத்திரையுமாக நடமாடுகிறார். இந்த சீசனில் அருவிக்கு எதிரே உட்கார்ந்து சாரலை மட்டும் வாங்கிக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"எப்பம்லே வரும் அந்தச் சாரம்?"

"நாளாகும் பெரியப்பா."

"சரி, அதுக்குள்ள அந்த எண்ணெய்க்காரரைத் தேடு. நாலு பரோட்டாவாவது வாங்கிக் கொடுக்கணும்லா."