தலைவரியும் தங்க ஊற்றும்

கடன் பட்டுக் கடல் கடந்து பிழைக்கப் போன கதை நமக்குப் புதிதன்று. இன்று நாம், ஆஸ்திரேலியாவில் தங்கம் தேடிப் போன சீனர்களைப் பற்றி அறிந்துகொள்வோம்.

1851ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. தென்சீனத்தின் குவாங்டோங் பகுதி உழவர்கள் அவ்விடத்தைப் 'புதிய தங்க மலை' என்றழைத்தனர். கப்பல் கட்டணத்திற்குப் பலர் கடன் வாங்கினர். கிடைக்கும் தங்கத்தைக் கொண்டு அதை அடைக்க வேண்டும். பெண்டு பிள்ளைகளைப் பெரும்பாலும் ஊரிலேயே விட்டு வந்தனர்.

சீனர் பெருகுவதை வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளர் விரும்பவில்லை. 1855இல் விக்டோரியா அரசாங்கம் சட்டம் இயற்றியது. வந்திறங்கும் சீனர் தலைக்கு 10 பவுண்டு வரி கட்ட வேண்டும். கப்பலின் கொள்ளளவில் 10 டன்னுக்கு ஒரு சீனரைத்தான் ஏற்றலாம்.

கடனில் வந்தவர்கள் வரிக்கு எங்கே போவார்கள்? ஆகவே, கப்பல்கள் அவர்களைப் பக்கத்துத் தென் ஆஸ்திரேலியாவில், ரோப் என்னும் சிறு துறைமுகத்தில் இறக்கிவிட்டன. 1856 முதல் 1858 வரை 16,000 பேருக்கு மேல் அங்கே இறங்கினர். தங்க வயல்களோ பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்தன. தோட்டத்தில் நாம் பால்வாளி தூக்கியதைப் போலவே, அவர்களும் தோளில் கம்பு வைத்து, இரு பக்கமும் கூடை தொங்கவிட்டு, வரிசை வரிசையாக வாரக்கணக்கில் நடந்தனர்.

1857இல் அப்படி நடந்த ஒரு கூட்டத்தார், வழியில் நீர் ஊற்றருகே தங்கினர். அங்கே தங்கம் மின்னியது! அவ்விடத்தில் வளர்ந்த ஊர்தான் அராராட். தடுப்பதற்குப் போட்ட வரியே அவர்களைப் புதையலிடம் கொண்டு சேர்த்தது.

ஆனால் துன்பம் தீரவில்லை. அதே ஆண்டு ஜூலை 4ஆம் நாள், பக்லண்டு ஆற்றுப் பகுதியில் வெள்ளைக்காரர் கும்பல் சீனர்களை அடித்து விரட்டியது. கூடாரங்களையும் கோயிலையும் எரித்தது. உயிர்களும் பலியாயின.

இத்தனைக்கும், பிறர் கழித்துப்போட்ட மண்ணையே பல சீனர் மீண்டும் அலசிப் பொன் எடுத்தனர். காய்கறி பயிரிட்டுச் சுரங்க ஊர்களுக்கு உணவளித்தவர்களும் உண்டு.

2017இல் விக்டோரியாவின் முதல்வர், அந்தத் தலைவரிக்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். வரி கட்டியவர் எவரும் அதைக் கேட்க உயிரோடில்லை. ஆயினும், இழைத்தது அநீதி என்று அரசாங்க ஏட்டில் பதிவாகிவிட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது தேவைப்பட்டது.

பிள்ளைகளே, ரோப், அராராட் ஆகிய ஊர்களை ஆஸ்திரேலியப் படத்தில் தேடிப் பாருங்கள். இடையிலுள்ள தூரத்தை விரலால் அளந்து பாருங்கள்.